சலவைக்குப் போன குறிப்பேடு

எங்கள் தெருவில் மற்ற தெருக்களைவிடப் பகல் கொஞ்சம் நீளம். வானியல் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவர்கள் யாரும் எங்கள் தெருவுக்கு வந்து பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் கீழே இருக்கும் சலவைக்கடை. அதன் பின்கட்டில் காயும் விடுதிப் படுக்கைவிரிப்புகளின் வெளுப்பு அப்படி. சூரியன் இறங்கிய பிறகும் அவை வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து மெதுவாக விடும். எதிர்வீட்டுச் சேவல் இந்தக் குழப்பத்தில் கூவவேண்டிய நேரம் தெரியாமல் மனம் நொந்து, கடைசியில் கூவுவதை விட்டுவிட்டு முட்டையிட முயன்றது. முயன்றது என்றுதான் சொல்கிறேன். இட்டது என்று சொல்லவில்லை. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

அந்தக் கடையின் மாடியறையில்தான் நான் குடியிருக்கிறேன். கீழே கொதிகலன் கொதித்தால் என் அறையின் தரை சூடாகும். குளிர்நாளில் வெறுங்காலோடு நடப்பது சுகம். மழைக்காலத்தில்தான் தொல்லை. ஈரத்துணி எல்லாம் வீட்டுக்குள் கொடி ஏறிவிடும். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரியாது. ஒருமுறை நான் அரை மணி நேரம் ஒரு மேலங்கியோடு அரசியல் பேசிவிட்டு வந்தேன். பொறுமையாகக் கேட்டது.

கடைக்காரர், அவர் மனைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள். இவ்வளவுதான் குடும்பம். மகள் பிறந்தபோது உள்ளங்கையில் ஏந்தலாம் போலிருந்தாளாம். அதனால் 'பொடி' என்று பேர் நிலைத்துவிட்டது. இப்போது அப்பாவைவிட ஒரு விரல் உயரம்.

கடைக்காரருக்குக் கறை என்பது, காவல்காரருக்குத் திருடன் எப்படியோ அப்படி. கண்ணில் பட்டுவிட்டால் விடமாட்டார். ஒருமுறை கன்னத்தில் மச்சமுள்ள ஒருவர் கால்சட்டை கொடுக்க வந்தபோது, கடைக்காரர் மனைவி புருஷனின் கையைக் கல்லாப்பெட்டிக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வாசலைத் தாண்டிக் கறையோடு ஒரு கைக்குட்டைகூடப் போகக்கூடாது. அந்தக் கடையில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சட்டைப்பை, கால்சட்டைப்பையில் கிடைக்கும் எதையும் படிக்கக்கூடாது. கடிதமோ, கடைச் சாமான் பட்டியலோ, கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உறையில் போட்டு ஒட்டிவிடவேண்டும். "நம்மகிட்ட வர்றது அழுக்குத்துணிதான். அவங்க வாழ்க்கை இல்ல," என்பார்.

என்னிடம் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. என் பழுப்புச் சட்டையின் மார்பில் உள்ளங்கை அளவு ஒரு கறை உண்டு. வாராவாரம் சட்டையைத் துவைக்கக் கொடுப்பேன். கறையைத் தொடக்கூடாது என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

"ஒரே ஒரு தடவை, பெரியவரே. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எடுத்துடறேன்."

"அது கரடி கொடுத்த முத்தம். எடுத்தா கரடி வருத்தப்படும்."

"போன வாரம் கப்பல் தலைவர் காபியக் கொட்டினாருன்னு சொன்னீங்க?"

"ஆமா. கரடியப் பாத்துப் பயந்துதான் கொட்டினாரு."

அவர் பெருமூச்சு விட்டு, கறையைச் சுற்றி மட்டும் துவைத்துக் கொடுப்பார். கைகள் அரிக்கும் பாவம்.

புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவதற்கு அந்த வீட்டில் ஓர் இடம் உண்டு. விடுதி விரிப்பின் இரண்டு முனைகள். அவர் அந்தப் பக்கம் இரண்டு மூலையைப் பிடிப்பார், அவள் இந்தப் பக்கம் இரண்டு மூலையைப் பிடிப்பாள். ஓர் உதறு. ஒரு பேச்சு. மடிப்பதற்காக எதிரெதிரே நடந்து வருவார்கள். கை தொடும் தூரம் வரும்போது சண்டை முடிந்திருக்கவேண்டும். முடியாவிட்டால் அடுத்த விரிப்பு. பெரிய சண்டை என்றால் விடுதிக்காரருக்குத்தான் லாபம், துணி சீக்கிரம் போய்ச் சேரும்.

அந்த மழைக்காலத்தில் பொடியின் பள்ளிக்கூடத்தில் இலக்கிய டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொரு குறிப்பேடு. பாடத்தில் இருக்கும் நெடுங்கதையைப் படிக்கப் படிக்க, மனசில் பட்டதை அன்றன்றைக்கு எழுதிவரவேண்டும். அடுத்த வருஷம் இலக்கியப் பிரிவில் இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். குறிப்பேட்டைப் படித்துப் பார்த்துத்தான் யாருக்கு இடம் என்று டீச்சர் முடிவு செய்வார். கிடைக்காதவர்கள் கணக்குப்பதிவுப் பிரிவுக்குப் போகவேண்டியதுதான். பொடிக்குக் கணக்குப்பதிவு என்ற பேரைக் கேட்டாலே கொட்டாவி வரும். அந்தப் பிரிவில் சேர்ந்தால் வாய் மூடவே மூடாது என்பது என் கணிப்பு.

இதை அவள் அம்மாவுக்கு விளக்கிய அன்று நானும் அங்கே இருந்தேன். கடை மேசையின் ஒரு ஓரத்தில் ரொட்டியும் முட்டையும் தேநீரும். அம்மா நின்றபடியே ஒரு கையால் சாப்பிட்டு மறுகையால் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கதையப் படிச்சா மட்டும் போதாதும்மா. படிக்கும்போது என்ன தோணுச்சுன்னு எழுதணும்."

"என்ன தோணுச்சு?"

"அதைத்தான் எழுதணும்."

"கதை எழுதினவருக்கு ஏதோ தோணுச்சு, அவரு எழுதினாரு. உனக்குத் தோணுறத யாருடி கேட்டா?"

"டீச்சர் கேட்டாங்க."

"அதுல சரி, தப்பு எப்படிப் போடுவாங்க?"

"சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாதும்மா."

"சரியும் தப்பும் இல்லாத பாடத்துக்கு எதுக்கு மார்க்கு? கேளுங்க மாமா இந்தக் கூத்த."

நான் ரொட்டியில் கவனமாக இருந்தேன். கடைக்காரர்தான் மகளுக்குப் பரிந்து வந்தார்.

"விடு. பிள்ள நெனக்கறதுக்கு மார்க் தர்றாங்கன்னா நல்லதுதானே. நானும் காலம்பூரா எவ்வளவோ நெனச்சுக்கிட்டிருக்கேன். ஒருத்தராச்சும் கேட்டாங்களா?"

"நான் கேக்கறேன். என்ன நெனக்கறீங்க?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இந்த ஈரத்துல அந்த மேசைவிரிப்பு நாளைக்குக் காயாதுன்னு நெனக்கறேன்," என்றார்.

"இதுக்கு நூத்துக்கு நூறு," என்றாள் மனைவி.

கதை ஒரு பாலக்காவலரைப் பற்றியது. ஆற்றில் வெள்ளம். சிவப்பு விளக்கு எரிந்தால் யாரையும் பாலத்தில் விடக்கூடாது என்பது அவருக்கு இட்ட உத்தரவு. மழையில் நனைந்துகொண்டு அவருடைய சொந்தத் தம்பியே வந்து நிற்கிறான். அக்கரையில் மனைவிக்குப் பிரசவம். அண்ணன் தடுப்புக்கட்டையைத் தூக்க மறுக்கிறார். தம்பி திட்டிவிட்டுப் போகிறான். அதற்கு மேல் இருபது அத்தியாயம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதே இல்லை.

பொடி எழுதியதில் ஒரு பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். 'பாலக்காவலர் ஒரு கல். தம்பி மழையில் நிற்கிறான். ஒரு தடவை கட்டையைத் தூக்கினால் என்ன குறைந்துவிடும்?' என்று எழுதி, அதன்மேல் நீளமாக ஒரு கோடு போட்டிருந்தாள். வரி வரியாக, பக்கம் பக்கமாக அந்த மாதிரிக் கோடுகள்.

"ஏம்மா இத்தனை தப்பு?" என்று கேட்டேன்.

"தப்பு இல்ல, மாடித் தாத்தா. டீச்சர் சொன்னாங்க, அழிக்கக்கூடாது, கிறுக்கக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது. மனசு மாறிட்டா, முதல்ல எழுதினதுமேல ஒத்தக் கோடு போடு, அடியில வாசிக்கத் தெரியணும். அப்புறம் கீழ எழுது. 'நீ முதல்ல எங்க நின்ன, அப்புறம் எங்க வந்து நிக்கற, நான் அந்தத் தூரத்தைத்தான் படிப்பேன்'னாங்க."

இதை அவள் அப்பாவிடமும் சொன்னாள். உலர்த்தும் இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையாட்டினார். அந்த இயந்திரம் ஓடும்போது அவர் எதற்கும் தலையாட்டுவார். போன வருஷம் அப்படித் தலையாட்டித்தான் ஒரு சர்க்கஸ் கூடாரத்தைத் துவைக்க ஒப்புக்கொண்டார். உள்ளே ஆள் இருந்தது துவைத்த பிறகுதான் தெரிந்தது. நல்ல வெளுப்பாக வெளியே வந்தான்.

குறிப்பேட்டைச் செவ்வாய்க்கிழமை கொடுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம், மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து, அம்மாவும் மகளும் தள்ளுவண்டியில் துணியை ஏற்றிக்கொண்டு விடுதிக்குப் போனார்கள். நான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன். குறிப்பேடு கடை மேசைமேல் கிடந்தது. கடைக்காரர் மேசையைத் துடைக்க வந்தார். காற்றில் பக்கங்கள் புரண்டன. கோடு. கோடு. கோடு.

பெற்ற மகள். இடத்துக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் மகள். அவளுடைய நோட்டு, இந்தக் கோலத்தில், இந்தக் கடை வாசலைத் தாண்டி டீச்சர் கைக்குப் போவதா?

பிறகு அவரே விவரமாகச் சொன்னதால் எனக்கு எல்லாம் தெரியும். முதலில் வாசிக்கும் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எழுத்து தெரியாது, கறை மட்டும் தெரியும். மகளுடைய எழுத்தைத் திருட்டுத்தனமாகப் படித்துவிடக்கூடாது அல்லவா? பிறகு மையொற்றும் தாளை வெட்டிப் பக்கத்துக்கு அடியில் வைத்தார். குச்சியின் நுனியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட்டில் தொட்டு உதறினார். கறையை நடுவில் தொட்டால் பரவும்; ஓரத்திலிருந்து உள்ளே வரவேண்டும். தேய்க்கக்கூடாது. ஒற்றி எடுக்கவேண்டும், பஞ்சு மை குடித்ததும் மாற்றவேண்டும். தாள் துணியைவிட நோஞ்சான், மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவேண்டும். கோடு போட்ட ஒவ்வொரு வரியையும், கோட்டோடு சேர்த்து, அப்படியே தூக்கினார். விசிறியில் காயவைத்தார். மேலே ஒரு மெல்லிய துணி போட்டு, இஸ்திரிப்பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தேய்த்தார். கடைசியில் மெல்லிய வெள்ளைத்தாளில் சுற்றி, நூல் கட்டி, மேசை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். திருமண உடைக்குத்தான் அந்தக் கட்டு கட்டுவார்.

அவர்கள் திரும்பி வந்த சத்தத்தில்தான் நான் எழுந்து கீழே போனேன்.

"பிரிச்சுப் பாரு," என்றார் மகளிடம். முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

பொடி பிரித்தாள். ஒரு பக்கம் திருப்பினாள். இன்னொரு பக்கம். அங்கங்கே வெள்ளை வெள்ளையாக இடைவெளி, பல் விழுந்த வாய் போல.

"அப்பா, இங்க இருந்ததெல்லாம் எங்க?"

"போயிடுச்சு!" என்றார். "பால்பாயிண்ட் மை. இழைக்குள்ள எறங்கியிருந்துச்சு. ஒரு தடம் இருக்கா பாரு."

"படிக்காமயா எடுத்தீங்க?"

"கறைய யாராச்சும் படிப்பாங்களா?"

"அதுக்குத்தாம்பா மார்க்கே!"

அவள் ஒற்றைக் கோட்டு விஷயத்தை மறுபடி சொன்னாள். இந்தத் தடவை எந்த இயந்திரமும் ஓடவில்லை. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது.

அம்மா நோட்டை வாங்கிச் சன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

"வேலை சுத்தம்," என்று அவளையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"அம்மா!"

"இல்லடி, திட்டத்தான் போறேன். கொஞ்சம் இரு." தாளை விரலால் தடவினாள். "பேனா அழுத்தின பள்ளம் இருக்குமே. பென்சில மெதுவாத் தேச்சா எழுத்து தெரியும்."

கடைக்காரர் தரையைப் பார்த்தார். "பள்ளமா இருந்துச்சுன்னு அதையும் இஸ்திரி போட்டுட்டேன்."

அன்று மாலை எட்டு விரிப்புக்குச் சண்டை நடந்தது. சண்டை என்று சொல்லக்கூடாது. ஒரு முனையிலிருந்து மட்டும்தான் சத்தம் வந்தது. "கேட்டுட்டுச் செஞ்சா வாயில முத்தா உதிரும்?" என்று ஓர் உதறு. "ஊர்ல எவன் அழுக்கையும் கேக்காம எடுக்கறது, அப்புறம் வீட்டுல வந்து பேந்தப் பேந்த முழிக்கறது!" என்று இன்னோர் உதறு. மறுமுனையில் அவர் மூலையைப் பிடித்தபடி நடந்து வந்து நடந்து போனார். சூப் ஆறிக்கொண்டிருந்தது. நான் மட்டும் குடித்தேன். யாராவது ஒருவர் தைரியமாக இருக்கவேண்டும்.

பொடி என் மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்கா இப்படி இடிஞ்சுபோய் உக்காந்திருக்க?" என்றேன். "நான் சொல்றேன், எழுதிக்கோ. பாலக்காவல் எனக்குத் தெரியாததா? நானே ஒரு பாலத்துக்குக் காவல் இருந்திருக்கேன். சளி பிடிச்ச பாலம். மழை வந்தா தும்மும். ஒருநாள் தும்மினதுல ஒரு கல்யாணக் கூட்டம் அப்படியே அக்கரைல போய் விழுந்துச்சு. மாப்பிள்ளை மட்டும் இக்கரை. அவருக்கு அன்னைக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இதை முதல் நினைப்புன்னு எழுது. அடியில—"

"வேணாம் தாத்தா. நீங்க சொல்லி நான் எழுதினா டீச்சர் கண்டுபிடிச்சிடுவாங்க."

"எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"படிக்க நல்லாயிருக்கும்."

இது புகழ்ச்சியா வசவா என்று இன்னும் தெரியவில்லை.

"நானே ஞாபகப்படுத்தி எழுதலாம்னு பாத்தேன்," என்றாள். "வரமாட்டேங்குது. முதல்ல என்ன நெனச்சேன்னு இப்ப யோசிச்சா, இப்ப நெனக்கறதுதான் முதல்ல நெனச்ச மாதிரி வந்து நிக்குது. அப்ப நான் எவ்வளவு முட்டாளா இருந்தேன்னு எனக்கே தெரியல. அதுதான் வேணும் எனக்கு. அந்த முட்டாள்தனம்."

என்னிடம் கேட்டிருந்தால் நிறையவே கொடுத்திருப்பேன். ஆனால் சொந்தமாக இருக்கவேண்டும் என்கிறாள்.

திங்கட்கிழமை பேய்மழை. பள்ளிக்கூடமே விடுமுறை விட்டது. வீடு முழுக்க ஈர விரிப்பு. கடைக்காரர் கை வேலையில் இருந்தது, மனசு இல்லை. உணவகத்துக்காரருக்கு அனுப்பிய மேசைவிரிப்பில் ஒரு சிவப்புக் கறை அப்படியே இருந்துவிட்டது. அந்த மனுஷன் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கோபமாக வரவில்லை, பயந்துபோய் வந்தார்.

"உடம்புக்கு முடியலையா? டாக்டரக் கூப்பிடட்டுமா?"

"ஒண்ணுமில்ல. குடுங்க," என்று வாங்கிக்கொண்டார் கடைக்காரர். விரிப்பைப் பார்த்தபடியே மனைவியிடம் சொன்னார்: "நான் போய் அந்த டீச்சரப் பாத்துச் சொல்லிட்டு வந்துடறேன்."

"நீங்க வரவேணாம்," என்றது இரண்டு விரிப்புக்கு அப்பால் இருந்து மகளின் குரல்.

அம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வேணாம்னா என்னடி அர்த்தம்? நோட்டுல அங்கங்க ஓட்டை. இவ எழுதவே இல்ல, எடம் விட்டு வெச்சிருக்கான்னு டீச்சர் நெனச்சா? எடுத்தது யாரு? இவரு. நம்ம கடையில சிக்கலான கறைய எடுத்தா என்ன செய்வோம்? சீட்டு போடுவோம்ல? ஏங்க, சீட்டு போடுங்க."

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கையகல மஞ்சள் தாள். என்ன பொருள், என்ன கறை, எவ்வளவு பழையது, எதால் எடுத்தது, யார் எடுத்தது, வாடிக்கையாளர் அனுமதி உண்டா என்று அச்சடித்திருக்கும். கைப்பட எழுதித் துணியோடு குத்தி அனுப்புவார்கள். பின்னால் வம்பு வராது.

கடைக்காரர் சீட்டுக்கட்டை எடுத்துவந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நோட்டை விரித்து முதல் வெள்ளை இடத்துக்குப் பக்கத்தில் சீட்டை வைத்து எழுத ஆரம்பித்தார். பொருள்: பக்கம். அதோடு பேனா நின்றுவிட்டது.

"பொடி," என்று கூப்பிட்டார். "என்ன கறைன்னு எழுதணும். எனக்குத் தெரியாதே. நான் பாக்கலையே."

விரிப்பு அசைந்தது. அவள் வந்து எதிரே நின்றாள். உட்காரவில்லை.

"அதுல பாலக்காவலர் கல்லுன்னு எழுதியிருந்தேன்."

அவர் எழுதினார். "எத்தனை நாள் பழசு?"

"மூணு."

"இந்த இடம்?"

"தம்பி பாவம்னு. ரெண்டு பக்கத்துக்குப் பாவம் பாவம்னே எழுதிவெச்சிருந்தேன். அப்புறம், அவன் அந்தப் பாலத்துல போயிருந்தா ஆத்தோட போயிருப்பானேன்னு தோணி கோடு போட்டேன்."

"ஓ." அவர் எழுதுவதை நிறுத்தினார். "வெள்ளம் வந்துடுச்சா?"

"பாலமே போயிடுச்சுப்பா. எட்டாவது அத்தியாயம்."

"பாலம் போயிடுச்சாம்," என்றார் மனைவியைப் பார்த்து.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மேல சொல்லச் சொல்லுங்க."

பொடி எப்போது உட்கார்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. பக்கம் பக்கமாகப் போனார்கள். அவருக்குக் கதையும் தெரியவேண்டியிருந்தது, மகள் நினைத்ததும் தெரியவேண்டியிருந்தது; இரண்டையும் கேட்டுக் கேட்டு எழுதினார். சில இடத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. 'என்ன கறை: தெரியவில்லை' என்று மறைக்காமல் எழுதினார். கொதிகலன் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வெளியே மழை.

நடுவில் ஒரு பக்கம் வந்ததும் பொடி அதைத் தாண்டித் திருப்பப் பார்த்தாள்.

"இது?"

"அது உங்களப் பத்தி."

"என்னப் பத்தியா?"

"அன்னைக்கு ஒரு அம்மா ரசீது இல்லாம வந்து, கோட்டு வேணும்னு அழுதாங்கல்ல. நீங்க குடுக்கல. அன்னைக்கு, 'எங்கப்பாவும் அதே கல்லுதான்'னு எழுதினேன்."

இஸ்திரி மேசையில் சத்தம் நின்றது.

"அடுத்த நாள் அந்தக் கோட்டோட சொந்தக்காரர் ரசீதோட வந்தாரு. அந்தம்மா யாருன்னே அவருக்குத் தெரியல. அதுக்கப்புறம் கோடு போட்டேன்."

கடைக்காரர் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். "கோடு போட்டுட்டியா?"

"போட்டேன்பா."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான். ஆனா அழுத்தி."

"சரி. என்ன கறைன்னு போடட்டும்?"

அவள் யோசித்தாள். "கோபம்னு போடுங்க."

எழுதினார். "எத்தனை நாள் பழசு?"

"ஒரு நாள்."

"ஒரு நாள் கறைக்கு ஸ்பிரிட் எதுக்கு?" என்றார் கடைக்காரர். "பச்சத்தண்ணியே போதும்."

பொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தாள், அதனால் இன்னும் அதிகமாக வந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, நீராவி கண்ணில் பட்டது என்று சொன்னாள். இஸ்திரிப்பெட்டி அப்போது அணைந்திருந்தது.

ஒவ்வொரு சீட்டிலும் கடைசி வரியில், வாடிக்கையாளர் அனுமதி என்ற இடத்தில், அவர் 'இல்லை' என்று எழுதினார். ஒன்றிலாவது விட்டுவிடுவார் என்று பார்த்தேன். விடவில்லை.

சீட்டுகளைக் குத்தி முடித்த பிறகு பொடி கடைசிப் பக்கத்தைத் திறந்து, மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் தற்செயலாக நின்றிருந்தேன். 'பாலக்காவலர் ஏன் தம்பியிடம் ஒரு வார்த்தை விளக்கமாகச் சொல்லவில்லை என்று இருபது அத்தியாயமாக எரிச்சல்பட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். நல்லது செய்துவிட்டு, கேட்காமல் செய்ததை மறந்துவிடுவார். அப்பாவை நான் மன்னிக்கமாட்டேன்.' இதுவரை எழுதி, கடைசி வாக்கியத்தின்மேல் நேராக ஒரு கோடு போட்டாள். கீழே எழுதினாள்: 'இன்றைக்கு மன்னிக்கமாட்டேன்.' கொஞ்சம் பார்த்தாள். அதன்மேலும் ஒரு கோடு. கீழே: 'இந்த மழை விடட்டும், பார்க்கலாம்.'

மழை விடவில்லை. ஆனால் சாயங்காலம் கடைக்காரர் ஒரு விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு மறுமுனைக்கு ஆள் தேடியபோது, மனைவி சமையலறையில் வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். பொடி எழுந்து வந்து மறுமுனையை எடுத்தாள். ஓர் உதறு. எதிரெதிரே நடந்து வந்தார்கள். கை தொட்டது. விரிப்பு மடிந்தது.

செவ்வாய்க்கிழமை குறிப்பேடு போயிற்று. மஞ்சள் சீட்டுகள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு, கோழிக்குஞ்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனது போல இருந்தது. அதற்குப் பிறகு வந்த நாட்களில் கடைக்காரர் வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். "இடம் கெடைக்கலன்னா நான்தான் காரணம்," என்று ஒவ்வொரு துணியிடமும் சொன்னார். துணிகள் சுருங்கிப்போயின. விடுதிக்காரர் தலையணை உறையெல்லாம் சின்னதாகிவிட்டதாகப் புகார் சொன்னார்.

வெயில் அடித்த ஒருநாள், டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார். பொடி பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்தாள். உதட்டை உள்ளே மடித்து இறுக்கி மூடியிருந்தாள், ஒன்றும் சொல்லக்கூடாது என்று டீச்சர் உத்தரவு போல. கண்ணாடிக் கதவில் அவர்களைப் பார்த்ததும் கடைக்காரர் மேலங்கிகளைத் தொங்கவிட்டுச் சுற்றும் மின்சாரக் கம்பிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அவரு இல்லையா?" என்றார் டீச்சர்.

"இருக்காரே," என்றாள் மனைவி. மேசைக்கு அடியில் இருந்த பொத்தானை அமுக்கினாள். கம்பி சுற்ற ஆரம்பித்தது. மேலங்கி, மேலங்கி, மழைக்கோட்டு, கடைக்காரர், மேலங்கி. கையில் ஒரு கொக்கியைப் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே இரண்டு சுற்று போனார் என்று நான் சொல்வதை அந்த வீட்டில் இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

"நீங்கதான் சீட்டு எழுதினவரா?"

"ஆமாங்க. அவமேல தப்பு இல்லைங்க. கோடெல்லாம் அவ போட்டதுதான். நான்தான்—"

"எல்லாச் சீட்டுலயும் அனுமதி 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"இல்லைதானேங்க."

டீச்சர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "கல்லுன்னு எழுதினதக்கூட உங்க கையாலயே எழுதிக் குடுத்திருக்கீங்க. என் வகுப்புல ஒரு பிள்ளையும் இவ்வளவு ஒழுங்கா எழுதல." பொடியின் பக்கம் திரும்பினார். "ஆனா சீட்டுக்கு மார்க் கிடையாது. உன் கடைசிப் பக்கத்துல ரெண்டு கோடு இருந்துச்சு பாரு, அதுக்குத்தான் உனக்கு இடம். நீயே சொல்லு இப்ப."

"கெடச்சுடுச்சுப்பா!" என்று பொடி வெடித்தாள். அவ்வளவு நேரம் அடக்கியதில் இரண்டு மேலங்கி கொக்கியிலிருந்து விழுந்தன.

"ஒரு நிபந்தனை," என்றார் டீச்சர். "இனிமே நோட்டப் பள்ளிக்கூடத்துலயே வெச்சுட்டுப் போகணும்."

அம்மா சத்தம் போட்டுச் சிரித்தாள். டீச்சர் தன் பையிலிருந்து ஒரு மேல்சட்டையை எடுத்து மேசைமேல் போட்டார். கைமடிப்பில் சிவப்பு மை. கடைக்காரரின் விரல்கள் தானாக நீண்டன. பாதி வழியில் நின்றன.

"எடுக்கலாங்களா?" என்றார்.

"எடுக்கறதுக்குத்தானே கொண்டுவந்திருக்கேன்!"

அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு வியாதியாகிவிட்டது. யார் எதைக் கொண்டுவந்தாலும் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார். உணவகத்துக்காரரிடம் மேசைவிரிப்பை விரித்துக் காட்டி, "இது இருக்கட்டுமா, போகட்டுமா? இதுமேல உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்க, அவர், "ஞாபகம் இருக்கு, காசு குடுக்காமப் போனான்," என்று பல்லைக் கடிக்க, மனைவி உள்ளிருந்து, "துணியப் போட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்," என்று குரல் கொடுக்க, கடை ஒரு வழியாக நடக்கிறது.

போன வாரம் என் பழுப்புச் சட்டை வந்தது. கறை அதே இடத்தில் இருந்தது. மடிப்புக் கலையாமல், சுற்றிலும் பளிச்சென்று, கடையில் புதிதாக வாங்கிய கறை மாதிரி. மார்பில் ஒரு மஞ்சள் சீட்டு குத்தியிருந்தது. வாடிக்கையாளர் அனுமதி: இல்லை. அதற்கு மேலே, என்ன கறை என்ற இடத்தில், முதலில் 'சூப்பு' என்று எழுதி, அதன்மேல் நேராக ஒற்றைக் கோடு போட்டு, கீழே 'கரடி' என்று எழுதியிருந்தார்.

இரண்டையும் நன்றாக வாசிக்க முடிந்தது.